டம்ளருக்கு நாலு கரண்டி சீனி

நேரான சுவருள்ள ஓர் எவர்சில்வர் டம்ளரில் பாதிவரை தண்ணீர் ஊற்றுங்கள். மேலிருந்து பார்த்தால் தண்ணீரின் விளிம்பு வட்டம். டம்ளரை மெல்லச் சாயுங்கள். டம்ளர்தான் சாயும், தண்ணீர் மட்டம் சாயாது. இப்போது அந்த விளிம்பு ஒரு பக்கமாக நீண்டிருக்கும். குறுக்கே மட்டும் டம்ளரின் வாயகலம் எவ்வளவோ அவ்வளவே. நீள்வட்டம் என்பது இதுதான். முட்டை வடிவம் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள், அது சரியில்லை. முட்டை மாஸுக்குப் பேர்போன புதுக்கோட்டையில் இருந்துகொண்டு முட்டையைக் குறை சொல்லக் கூடாதுதான். ஆனாலும் முட்டைக்கு ஒரு முனை கூர், மறுமுனை மழுங்கல். நீள்வட்டத்துக்கு இரண்டு முனையும் ஒன்றுபோல.

பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தில் ஐந்தாம் அத்தியாயத்தில் இது வருகிறது. பிள்ளைகள் மிரள்வது வடிவத்தைப் பார்த்து அல்ல, சமன்பாட்டைப் பார்த்து. ஆலங்குடியில் எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் ஒரு நாள் சாயங்காலம் நோட்டைத் தூக்கிக்கொண்டு நேரே அடுப்படிக்கே வந்துவிட்டான். அவன் நீட்டிய கணக்கு:

9x² + 25y² − 36x + 50y − 164 = 0

எல்லாம் ஒரே சட்டியில் கிடக்கிறது. முதலில் என்ன குழம்பு என்று பார்க்க வேண்டும். x²-க்கும் y²-க்கும் முன்னால் ஒரே குறி, வேறு வேறு எண். xy என்று சேர்ந்து வரும் உறுப்பு இல்லை. ஆக, நீள்வட்டமாக இருக்க வாய்ப்புண்டு. இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் வட்டம். குறி எதிரெதிராக இருந்தால் அது அதிபரவளையம், இன்றைய சமையலில் இல்லை.

அடுத்து கீரை ஆய்வது. x உள்ளதெல்லாம் ஒரு கூறு, y உள்ளதெல்லாம் ஒரு கூறு, தனி எண் சமக்குறிக்கு அந்தப் பக்கம்.

9(x² − 4x) + 25(y² + 2y) = 164

இனி வர்க்கப் பூர்த்தி. x-க்கு முன்னால் உள்ள 4-இல் பாதி 2, அதன் வர்க்கம் 4. y-க்கு முன்னால் உள்ள 2-இல் பாதி 1, அதன் வர்க்கம் 1. அடைப்புக்குள் இவற்றைப் போட்டால் முழு வர்க்கம் ஆகிவிடும். பையன் 164-உடன் 4-ஐயும் 1-ஐயும் கூட்டி 169 என்று எழுதியிருந்தான். பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் சறுக்கும் இடம் இது.

“நாலு போட்டா அந்தப் பக்கமும் நாலுதானே சித்தி போடணும்?”

“ஒன்பது பேருக்கு டீ போடுறே. டம்ளருக்கு நாலு கரண்டி சீனி. டப்பாவுல எத்தனை கரண்டி குறைஞ்சிருக்கும்?”

“முப்பத்தாறு.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “நாலு கரண்டியா? பல்லு விழுந்துரும் சித்தி.”

பல் விழட்டும், கணக்கு நிற்கிறது. அடைப்புக்குறி ஒரு டம்ளர். வெளியே நிற்கும் எண், எத்தனை டம்ளர் என்று சொல்கிறது. ஒன்பது டம்ளரில் நாலு நாலு கரண்டி, 36. இருபத்தைந்து டம்ளரில் ஒவ்வொரு கரண்டி, 25. 164 + 36 + 25 = 225.

9(x − 2)² + 25(y + 1)² = 225

வலப்பக்கம் 1 வர வேண்டும் என்பதால் 225-ஆல் வகுக்கிறோம். ஒரு படி அரிசிக்கு இவ்வளவு உளுந்து என்று சொல்வது போலத்தான். எல்லாக் கணக்கையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

(x − 2)²/25 + (y + 1)²/9 = 1

வகுக்கும் முன் வலப்பக்கத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கணக்கில் −164-க்குப் பதில் +61 இருந்திருந்தால் அங்கே 0 வரும். அடுப்பிலேயே சுண்டிப்போய் (2, −1) என்ற ஒரே புள்ளி மிஞ்சும். 61-ஐத் தாண்டினால் எதிர்மறை எண் வரும், சட்டி காலி.

இனிப் படித்துக்கொண்டே போகலாம். அடைப்புக்குள் பூஜ்யமாகும் இடம் மையம்: x = 2, y = −1. அதனால்தான் குறி மாறுகிறது, வேறு மாயம் இல்லை. கீழே இருக்கும் 25-இன் மூலம் 5, 9-இன் மூலம் 3. மையத்திலிருந்து நீளவாக்கில் 5, அகலவாக்கில் 3. நெட்டச்சு 10, குற்றச்சு 6.

எந்தப் பக்கம் நீளம்? வடகாடு, கீரமங்கலம் பக்கம் பலாப்பழம் பார்த்தவர்களுக்கு இது கடினமில்லை. மரத்தில் தொங்கும்போது பழம் செங்குத்து. சாலையோரம் கிடத்தி விற்கும்போது படுக்கை. பழம் அதேதான். பெரிய எண் x-க்குக் கீழே இருந்தால் கிடத்திய பழம், y-க்குக் கீழே இருந்தால் தொங்கும் பழம். நம்முடையது கிடத்தியது. முனைகள் (7, −1), (−3, −1).

குவியங்களுக்குச் சூத்திரத்தை மனப்பாடம் செய்யச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. கூட்டுவதா கழிப்பதா என்று பரீட்சை அறையில் தடுமாறுவார்கள். உட்காரும் மணைப்பலகை ஒன்றை எடுத்து, 8 அங்குல இடைவெளியில் இரண்டு ஆணி அடித்தோம். ஆணிகளுக்கிடையே 10 அங்குலம் வருமாறு தையல் நூலைத் தொய்வாகக் கட்டி, பையன் பென்சிலால் நூலை விறைப்பாகத் தள்ளிக்கொண்டே சுற்றினான். வந்தது நம் நீள்வட்டமேதான், ஆணிகள்தான் குவியங்கள். பென்சில் எங்கே இருந்தாலும் இரண்டு ஆணிக்கும் உள்ள தூரத்தின் கூட்டுத்தொகை 10, அதாவது நெட்டச்சு.

பென்சிலைச் சரியாக நடு உச்சியில் நிறுத்தச் சொன்னேன். நூல் இரு பக்கமும் சமம்: ஐந்து, ஐந்து. உயரம் 3. அப்படியானால் ஆணிக்கும் மையத்துக்கும் உள்ள தூரம்? 25 − 9 = 16, மூலம் 4. கர்ணமாக நிற்பது நூல், அதனால் கழித்தல். குவியங்கள் (6, −1), (−2, −1).

செவ்வகலமும் அதே நூலில் இருக்கிறது. பென்சிலை ஓர் ஆணிக்கு நேர்மேலே நிறுத்துங்கள். ஒரு துண்டு செங்குத்து, மற்றது கர்ணம், அடிப்பக்கம் 8. இரண்டு துண்டும் சேர்ந்து 10. போட்டுப் பார்த்தால் செங்குத்துத் துண்டு 1.8, கீழேயும் அவ்வளவே, ஆக 3.6. புத்தகச் சூத்திரமும் இதையே தரும். இயக்குவரைகள் x = 8.25, x = −4.25, மையத்திலிருந்து 25/4 தள்ளி. மதிப்பெண் உண்டு, எழுதிவிடுங்கள்.

மையத்தொலைத்தகவு என்ற பெயர்தான் பயமுறுத்துகிறது. நாலை ஐந்தால் வகுத்தால் 0.8, அவ்வளவுதான். இங்கே பழைய டம்ளருக்குத் திரும்பலாம். 6 செ.மீ. வாயகலமுள்ள டம்ளரை நிமிர்ந்த நிலையிலிருந்து சுமார் 53 பாகை சாய்த்தால் தண்ணீர் விளிம்பின் நீளம் 10 செ.மீ. ஆகும், நம் நீள்வட்டமே கிடைக்கும். அந்தக் கோணத்தின் சைன் மதிப்பு 0.8. எவ்வளவு சாய்க்கிறோம் என்பதன் அளவுதான் அந்தத் தகவு. நிமிர்த்தி வைத்தால் 0, வட்டம்.

2023 ஜூலை 14 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய சந்திரயான்-3 முதலில் சுற்றிய பாதையும் நீள்வட்டம்தான். அதில் பூமிக்கு மிக அருகே வந்தது சுமார் 170 கி.மீ., மிகத் தொலைவில் போனது சுமார் 36,500 கி.மீ. பூமியின் ஆரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் தகவு 0.735 அளவில் வரும், நம் டம்ளரைவிடக் கொஞ்சம்தான் சாய்வு குறைவு. சூரியனைச் சுற்றும் பூமியின் பாதைக்கு வெறும் 0.0167. டம்ளர் சாய்ந்திருப்பதே கண்ணுக்குத் தெரியாது.

பையனுக்குப் போகும்போது கொடுத்த கணக்கு உங்களுக்கும்: 25x² + 16y² − 100x + 32y − 284 = 0. இது தொங்கும் பலாப்பழம். குவியங்கள் (2, 2), (2, −4) என்று வராவிட்டால் சீனிக் கணக்கைத் திரும்பப் பாருங்கள்.