ஆஸை வெல்லும் ஜாக்கி

ஆஸ்தான் பெரியது, பிறகு ராஜா, ராணி, அப்புறம்தான் ஜாக்கி என்று பழகியவர்களை ‘முந்நூற்று நாலு’ சீட்டாட்டம் முதலில் திகைக்க வைக்கும். இந்த ஆட்டத்தில் ஜாக்கிதான் தலை. இரண்டாம் இடம் ஒன்பதுக்கு. மூன்றாவதாகத்தான் ஆஸ், அதன்பின் பத்து, ராஜா, ராணி, எட்டு, ஏழு. ஆறும் அதற்குக் கீழே உள்ளவையும் பெட்டியிலேயே இருக்கட்டும். வகைக்கு எட்டாக மொத்தம் 32 சீட்டு, நான்கு பேர், எதிரெதிரே உட்காருபவர்கள் ஜோடி.

பெயரில் இருக்கும் எண் மதிப்பெண் கணக்கிலிருந்து வந்தது. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஒரு வகைக்கு 76, நான்கு வகைக்கும் 304. நான்கு ஜாக்கியும் நான்கு ஒன்பதும் சேர்ந்தாலே 200 வந்துவிடும் என்பதைக் கவனியுங்கள். 32 சீட்டில் எட்டே சீட்டைச் சுற்றித்தான் சண்டை முழுவதும் நடக்கிறது.

இந்த விசித்திரமான வரிசைக்கு ஒரு தூரத்து உறவு ஹாலந்தில் இருக்கிறது. அங்கே வீட்டிலும் மன்றங்களிலும் ஆடும் ‘கிளாவர்யாஸ்’ ஆட்டத்துக்கும் அதே 32 சீட்டு, அதே இரண்டு ஜோடி. அங்கே துருப்பு, அதாவது மற்ற வகைகளை வெட்டும் வகையில் மட்டும் ஜாக்கி முதலிடத்துக்கும் ஒன்பது இரண்டாமிடத்துக்கும் ஏறும். ஜாக்கிக்கு 20, ஒன்பதுக்கு 14. மற்ற மூன்று வகைகளில் ஆஸே தலை. எல்லாச் சீட்டையும் கூட்டினால் 152 வரும், அதாவது நம் 304-இல் சரிபாதி. கடைசிப் பிடிக்கு 10 சேர்த்து 162 என்று அவர்கள் கணக்கை முடிப்பார்கள்.

ஜாக்கியும் ஒன்பதும் மேலேறும் ஆட்டங்கள் ஐரோப்பாவில் ஒரு பெரிய குடும்பம். சுவிட்சர்லாந்தின் யாஸ் ஆட்டமும் அதில் ஒன்று. டச்சுக்காரர்கள் வழியாகத்தான் இந்தக் குடும்பம் தெற்காசியாவுக்கு வந்திருக்க வேண்டும் என்று சீட்டாட்ட வரலாற்றை ஆராய்பவர்கள் கருதுகிறார்கள். அதற்கு இடமும் இருக்கிறது. 1658-இல் யாழ்ப்பாணமும் நாகப்பட்டினமும் டச்சுக்காரர் கைக்குப் போயின, 1663-இல் கொச்சி. இலங்கைக் கரையோரத்தை அவர்கள் ஆங்கிலேயரிடம் இழந்தது 1796-இல். ஆட்டம் இன்றும் செழித்திருக்கும் இலங்கையும் கேரளமும் அவர்களுடைய கோட்டைகள் இருந்த கரைகளே. சீட்டாடும்போது ‘கிளாவர்’, ‘ஆட்டின்’ என்று நாம் சொல்வதும் டச்சுச் சொற்களைத்தான்.

நம் பொன்னமராவதி கடலைப் பார்க்காத ஊர்தான். ஆனால் புதுக்கோட்டை, செட்டிநாட்டுப் பகுதிகளிலிருந்து வணிகத்துக்காகக் கொழும்புக்கும், தேயிலைத் தோட்ட வேலைக்காக மலையகத்துக்கும் போய்வந்த குடும்பங்கள் ஏராளம். வீட்டில் இலங்கையைப் பார்த்த பெரியவர் யாராவது இருந்தால் முந்நூற்று நாலு தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். தெரிந்திருந்தால் உடனே கற்றுக்கொள்ளுங்கள். ரம்மியும் அதன் பணப் பந்தயமும் சேர்ந்து சீட்டு என்றாலே முகம் சுளிக்க வைத்துவிட்டன. நான்கு மூளைகளுக்கு வேலை தரும் இப்படியோர் ஆட்டம் அந்தக் கெட்ட பெயரில் சேர்ந்து அழிவது பெரிய இழப்பு.

ஆட்டம் வலமிருந்து இடமாக இல்லை, இடமிருந்து வலமாகச் சுற்றும். அதாவது உங்களுக்கு அடுத்து ஆடுபவர் உங்கள் வலப்பக்கத்தில் இருப்பவர். முதலில் ஆளுக்கு நான்கு சீட்டு மட்டும் போடுவார்கள். பாதிக் கையை வைத்துக்கொண்டே கேள்வி தொடங்குகிறது. ‘என் ஜோடி இத்தனை எடுக்கும்’ என்று ஒவ்வொருவராகக் கேட்பார்கள். இலங்கையில் பெரும்பாலும் 160-இலிருந்து ஆரம்பம், பத்துப் பத்தாக ஏறும். அதிகம் கேட்டவர் தன் நான்கு சீட்டில் ஒன்றைக் கவிழ்த்து வைப்பார். அந்தச் சீட்டின் வகைதான் துருப்பு, அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. அவருடைய ஜோடிக்கும் தெரியாது! அதன்பிறகுதான் மீதி நான்கு சீட்டு வரும்.

கிளாவர்யாஸில் இந்த ரகசியம் கிடையாது. துருப்பு எது என்பது முதல் சீட்டு விழும் முன்பே நால்வருக்கும் தெரியும். இறக்கிய வகை கையில் இல்லாதவர் துருப்பால் வெட்டியே ஆக வேண்டும். இதில் ஆம்ஸ்டர்டாமுக்கும் ரோட்டர்டாமுக்கும் ஒரு பிணக்கு உண்டு. பிடி தன் ஜோடியின் பக்கம் இருந்தால் வெட்ட வேண்டியதில்லை என்பது ஆம்ஸ்டர்டாம் முறை. அப்போதும் வெட்டத்தான் வேண்டும் என்பது ரோட்டர்டாம் முறை. இந்தக் கட்டாயங்களால் அங்கே கணக்கு கூர்மையாகிறது. நம்முடையதில் கட்டாயம் குறைவு, ஊகம் அதிகம். எனக்கு நம்முடையதே மேலானதாகப் படுகிறது.

ஏன் என்பதற்கு ஒரு கையைப் பார்ப்போம். முதல் நான்கில் உங்களுக்கு இஸ்பேட் ஜாக்கி, ஒன்பது, ஏழு, கூடவே ஆட்டின் ஆஸ். கேள்வியை வென்று இஸ்பேட் ஏழைக் கவிழ்த்து வைக்கிறீர்கள். அடுத்த நான்கில் இஸ்பேட் எட்டு வருகிறது. கிளாவர் ஒன்றுகூட இல்லை. எதிரி கிளாவர் ஜாக்கியை இறக்குகிறார். உங்கள் ஜோடி கிளாவர் எட்டைப் போடுகிறார். அடுத்த எதிரி, பிடி தங்களுடையது என்ற தைரியத்தில் பத்தைக் கொட்டுகிறார். மேசையில் 40. கிளாவர் இல்லாத நீங்கள் ஒரு சீட்டைக் கவிழ்த்துப் போடலாம். அது இஸ்பேட் எட்டாக இருந்தால், துருப்பைத் திறந்து காட்டி நாற்பதையும் எடுத்துக்கொள்ளலாம். மதிப்பே இல்லாத எட்டு, ஆட்டத்தின் மிகப் பெரிய சீட்டை வெட்டிவிட்டது. ஆனால் ரகசியம் போயிற்று. இனி எதிரிகள் கிளாவரை இறக்கிக் கொடுக்க மாட்டார்கள், துருப்பை இழுத்து முடிக்கப் பார்ப்பார்கள். நாற்பதுக்காகத் திறப்பதா, வேறு வகையில் ஒரு சீட்டைக் கவிழ்த்து உதறிவிட்டு மறைவை நீட்டிப்பதா? இந்தக் கையில் நான் திறப்பேன். இருபது மதிப்புள்ள பிடி என்றால் யோசிப்பேன்.

நீங்கள் மட்டுமல்ல, வகை இல்லாத மற்றவரும் இப்படிக் கவிழ்த்துப் போடலாம். பிடி முடிந்ததும் துருப்பு வைத்தவர் எடுத்துப் பார்ப்பார். துருப்பு இருந்தால் திறப்பு, இல்லையென்றால் மூடியபடியே ஒதுக்கல். எதிரி குருட்டாம்போக்கில் போட்ட சீட்டு உங்கள் துருப்பாகவே அமைந்து பிடியைத் தூக்கிக்கொண்டு போவதும் நடக்கும்.

ஜோடி என்ன வைத்திருப்பார்? உங்கள் எட்டுச் சீட்டு போக 24 சீட்டு மூன்று பேரிடம் சமமாக இருக்கிறது. குறிப்பிட்ட ஒரு சீட்டு ஜோடியிடம் இருக்க மூன்றில் ஒரு வாய்ப்புதான். உங்களிடம் நான்கு துருப்பு இருந்து வெளியே நான்கு இருந்தால், அதில் ஒன்றாவது ஜோடியிடம் இருக்க ஏறத்தாழ 83 சதவீத வாய்ப்பு. முதல் கணக்கை நம்பிக் கேள்வியை ஏற்றுபவர் தோற்பார். இரண்டாவதை நம்பி ஏற்றுபவர் அதிகம் தவற மாட்டார். வாயால் பேசக் கூடாது என்பதால் சீட்டுதான் பேச்சு. ஜோடி ஜாக்கியை இறக்கிய பிடியில் ஆஸையோ பத்தையோ போட்டுக் கொடுப்பவர் நல்ல கூட்டாளி. அதைப் பிடித்து வைத்திருந்து பின்னால் எதிரியிடம் பறிகொடுப்பவருக்கு வீடு போகும் வரை பேச்சு விழும்.

இதே ஆட்டம் சுருங்கியும் விரிந்தும் பல இடங்களில் வாழ்கிறது. கேரளத்தின் ‘இருபத்தெட்டு’ ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஆஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று என்று மதிப்பைச் சிறிதாக்கியது. சிறுவர்கள் அதில் தொடங்குவது எளிது. இரண்டு கட்டு வைத்து ஆறு பேர் ஆடும் ‘ஐம்பத்தாறு’ம் அங்கே உண்டு. கேள்வியில் எண்ணை முன்னால் சொல்கிறாரா, வகையை முன்னால் சொல்கிறாரா என்பதே கூட்டாளிகளுக்கு அதில் ஒரு செய்தி. 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கப்பலேறியவர்களின் வழிவந்தோர் டர்பனில் ‘துணி’ என்ற ஆட்டத்தை ஆடுகிறார்கள். 24 சீட்டுதான், ஆனால் மதிப்பு அதே 304. ராஜாவும் ராணியும் ஒரே வகையில் சேர்ந்தால் அதற்கு அங்கே ‘ஜோடி’ என்று பெயர்.

புதிதாகத் தொடங்கும் நால்வர் முதல் சில ஆட்டங்களைத் துருப்பைத் திறந்து வைத்தே ஆடலாம். வரிசை கைக்குப் பழகட்டும், பிறகு மூடுங்கள். காசு வேண்டாம், ஜோடிக்குப் பத்துப் பதினொரு புளியங்கொட்டை போதும். கேட்டதை எடுத்தால் கிடைப்பதைவிட எடுக்காவிட்டால் ஒரு கொட்டை கூடுதலாகப் போக வேண்டும். கேள்வி 200-ஐத் தாண்டினால் கிடைப்பதும் போவதும் இரண்டுமே ஏற வேண்டும். இந்த இரண்டு விதிகளையும் விட்டுவிட்டால் ஆளாளுக்கு வாய்க்கு வந்ததைக் கேட்பார்கள், ஆட்டம் சப்பென்றாகிவிடும்.