தாங்கிப் பிடிப்பது எப்போது தடையாகிறது?

நம் மல்லசமுத்திரம் வட்டாரத்தில், தறிக்கூடத்திற்கு வேலைக்குச் செல்லும் ஒருவர் குடிநோய்க்கு ஆட்பட்டிருக்கிறார் எனக் கொள்வோம். காலையில் அவரால் எழ இயலவில்லை. “அவருக்குக் காய்ச்சல்” என்று மனைவி முதலாளியிடம் சொல்கிறார். அவர் பட்ட கடனை மகன் அடைக்கிறார். இரவில் மனைவி பொறுமையிழந்து ஏசுகிறார். கணவர் கோபித்துக்கொண்டு மீண்டும் குடிக்கச் செல்கிறார். “என் பேச்சால்தான் குடித்தார்” என்று மனைவி தம்மையே நொந்துகொள்கிறார். மறுநாள் காலையில் மீண்டும் அதே ‘காய்ச்சல்’.

இத்தகைய சுழற்சியை அமெரிக்க மனநல மருத்துவர் ஸ்டீபன் கார்ப்மன் 1968இல் ஒரு முக்கோணமாக விளக்கினார். காப்பாற்றுபவர், குற்றம் சாட்டுபவர், பாதிக்கப்பட்டவர் என்பன அதன் மூன்று முனைகள். மேற்கண்ட மனைவி ஒரே நாளில் மூன்று முனைகளிலும் நின்றுவிட்டார். அவர் செய்தவை அன்பினால் செய்தவையே. ஆயினும், குடியின் விளைவுகளைக் குடும்பமே சுமந்துவிடுவதால், சிகிச்சை தேவை என்பதை நோயாளி உணரும் வாய்ப்புக் குறைகிறது.

குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் டி.டி.கே. மருத்துவமனையைத் தோற்றுவித்தார். அங்கு நோயாளியோடு குடும்பத்தினருக்கும் ஆலோசனை அளிக்கப்படுகிறது. குடும்பத்தினரும் நலம் பெற வேண்டியவர்களே என்பது இதன் அடிப்படை.

அப்படியானால் உதவியை எங்கே நிறுத்துவது? உணவு, பரிவு, மருத்துவமனைக்குத் துணை ஆகியவை தொடரட்டும். அவருக்காகப் பொய் சொல்வதும் குடிக்கடனை அடைப்பதும் நிற்கட்டும். அவர் குடிக்காத வேளையில், “முதலாளியிடம் இனி நீங்களே பேசுங்கள், மருத்துவரிடம் செல்வதானால் நான் உடன் வருகிறேன்” என்று அமைதியாகச் சொல்லுங்கள். சொன்னதில் உறுதியாக நில்லுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள்: நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் கடும் மனக்குழப்பமும் நேரலாம், எனவே மருத்துவர் மேற்பார்வையிலேயே நிறுத்த வேண்டும். வீட்டில் அடி உதை இருப்பின், உங்கள் பாதுகாப்பே முதன்மையானது. பெண்கள் 181 என்னும் உதவி எண்ணை அழைக்கலாம். மனநல ஆலோசனைக்கு 14416 என்னும் கட்டணமில்லா எண் உண்டு.

குடிநோய்க்கு நீங்கள் காரணம் அல்லர். அதனைச் சுமக்கும் கடமையும் உங்களுக்கு இல்லை.