மடிக்கணினிக்குப் புதிய டிரைவர்: யாரிடமிருந்து பெறுவது?

மடிக்கணினியின் திரை திடீரென்று மினுமினுக்கிறது. புதிய விளையாட்டு ஒன்று ஓட மறுக்கிறது. காணொளி தயாரிக்க உதவும் மென்பொருள், ‘கிராபிக்ஸ் டிரைவர் பழையது’ என்று எச்சரிக்கிறது. இத்தகைய வேளையில் பலர் இணையத்தில் தேடி, முதலில் கண்ணில் படுவதைப் பதிவிறக்கம் செய்துவிடுகின்றனர். வீட்டில் இருப்பது ஒரே கணினி. பிள்ளையின் பாடவேலையும் பெற்றோரின் அலுவலக வேலையும் அதில்தான் என்றால், இந்த அவசரம் பெரிய சிக்கலில் கொண்டுபோய் விடலாம்.

ஒரு சில்லு, இரண்டு நிறுவனங்கள்

திரையில் தெரியும் படங்களை உருவாக்குவது கிராபிக்ஸ் சில்லு. விண்டோஸ் இடும் கட்டளையை அந்தச் சில்லுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லும் மென்பொருள்தான் டிரைவர். சில்லைத் தயாரிப்பவை இன்டெல், என்விடியா, ஏஎம்டி போன்ற நிறுவனங்கள். அதை மடிக்கணினியில் பொருத்தி விற்பவை ஏசர், டெல், எச்பி, லெனோவோ போன்றவை. ஆகவே டிரைவரும் இரு இடங்களில் கிடைக்கிறது.

மேசைக் கணினியில் கிராபிக்ஸ் அட்டையைத் தனியாகக் கழற்றி மாட்டலாம். மடிக்கணினியில் அப்படியில்லை. மின்கலம், வெப்பம், திரையின் வெளிச்சம், மூடியை மூடியதும் உறங்கும் வசதி ஆகிய அனைத்தும் ஒன்றோடொன்று பிணைந்தவை. சிலவற்றில் இரண்டு கிராபிக்ஸ் சில்லுகள் இருக்கும். சாதாரண வேலைக்கு மின்சாரத்தைச் சேமிக்கும் சில்லும், கடினமான வேலைக்கு வலிமையான சில்லும் இயங்கும். என்விடியா 2010இல் அறிமுகப்படுத்திய ஆப்டிமஸ் இந்த வகையைச் சேர்ந்தது.

கணினித் தயாரிப்பாளர் இவற்றையெல்லாம் சோதித்து, தம் மாடலுக்கு ஏற்ற மாற்றங்களைச் சேர்த்த பிறகே டிரைவரை வெளியிடுகிறார். அதனால் அது தாமதமாகவே வருகிறது. பழைய மாடல்களுக்குச் சில ஆண்டுகளில் வருவதே நின்றுவிடுகிறது.

தடை நீங்கியது, ஆபத்து நீங்கவில்லை

ஒரு காலத்தில், பல மடிக்கணினிகளில் இன்டெல்லின் பொது டிரைவரை நிறுவ முயன்றால், ‘இந்தக் கணினிக்கு இது சரிபார்க்கப்படவில்லை, தயாரிப்பாளரை நாடவும்’ என்ற அறிவிப்புடன் வேலை நின்றுவிடும். 2020இல் இன்டெல் அந்தத் தடையை நீக்கியது. ஆயினும், தயாரிப்பாளர் சேர்த்த சிறப்பு வசதிகள் பொது டிரைவரால் மாறிவிடக்கூடும் என்று இன்டெல்லே எச்சரித்துள்ளது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் விசை வேலை செய்யாமல் போவதும், உறங்கிய கணினி விழிக்க மறுப்பதும் இவ்வாறு நேரக்கூடியவை.

எப்போது எதை நாடலாம்?

கணினி நன்றாக ஓடினால் தயாரிப்பாளரின் டிரைவரே போதும். சில்லு நிறுவனத்தை நாடுவதற்குத் தெளிவான காரணம் வேண்டும். தேவையான மென்பொருள் புதிய பதிப்பைக் கேட்பது ஒரு காரணம். தயாரிப்பாளர் கைவிட்டுவிட்டது இன்னொரு காரணம். டிரைவர் இயங்குதளத்தின் ஆழம்வரை செல்லக்கூடியது. அதில் பாதுகாப்பு ஓட்டை இருந்தால், திருத்தப்பட்ட பதிப்பை எங்கிருந்தாவது பெற்றே ஆக வேண்டும்.

சில்லு நிறுவனங்களும் என்றென்றும் ஆதரவு தருவதில்லை. ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைச் சில்லுகளுக்கான வழக்கமான புதுப்பிப்புகளை என்விடியா 2025 அக்டோபரோடு முடித்துக்கொண்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்று அது அறிவித்துள்ளது.

செய்யும் முறை

முதலில் முக்கியக் கோப்புகளை நகலெடுத்துக்கொள்ள வேண்டும். கணினியின் மாடல் எண்ணைப் பார்த்து, தயாரிப்பாளரின் டிரைவரையும் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். விண்டோஸில் ஒரு ‘ரிஸ்டோர் பாயிண்ட்’ உருவாக்கி, மின்னூட்டியைச் செருகிய பின்னரே நிறுவ வேண்டும். பிறகு வெளிச்ச விசைகள், உறக்கம், வெளித்திரை இணைப்பு ஆகியவற்றைச் சோதித்துப் பார்க்கலாம்.

கோளாறு தெரிந்தால், ‘டிவைஸ் மேனேஜர்’ பகுதியில் கிராபிக்ஸ் சில்லின் பெயரைத் திறந்து, ‘ரோல் பேக் டிரைவர்’ என்பதை அழுத்தினால் பழைய டிரைவருக்குத் திரும்பலாம். சில நாள் கழித்து விண்டோஸ் அப்டேட் தானாகவே தயாரிப்பாளரின் பதிப்பைத் திரும்பக் கொண்டுவருவதும் உண்டு. அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

இந்த இரண்டு இடங்களிலும் டிரைவர் இலவசம். ‘உங்கள் டிரைவர்கள் அனைத்தும் பழையவை’ என்று பயமுறுத்திப் பணம் கேட்கும் மூன்றாம் தரப்பு மென்பொருள்களை ஒதுக்கிவிடுவதே நல்லது. அதோடு, மறுநாள் காலையில் ஒப்படைக்க வேண்டிய வேலை இருக்கும் இரவில், எந்த டிரைவரையும் தொடாமல் இருப்பதே அறிவுடைமை.