மின்வேலைக்கு வருபவரின் தகைமை

மேசன் எழுப்பிய சுவர் கோணினால் வீதியிற் போவோரும் சொல்லிவிடுவர். மின்வேலையின் கோணல் அவ்வாறு வெளிப்படுவதில்லை. புவித்தொடுப்புக் கம்பி அறுந்து கிடக்கும் வீட்டிலும் விளக்கு எரியும், விசிறி சுழலும். விளக்கு எரிவதைக் கொண்டு செய்தவரின் திறமையை அளப்பது பேதைமை.

இலங்கையில் இதற்கோர் அளவுகோல் உண்டு. என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற் தகைமை 7 மட்டங்களையுடையது. முதலாம் மட்டம் தொடக்கநிலைத் திறனையே காட்டும்; நான்காம் மட்டம் தொழிலில் முழுத் தேர்ச்சியைக் காட்டும். ஐந்தும் ஆறும் டிப்ளோமா; ஏழாவது பட்டத்துக்கு நிகர். வீட்டு வயரிங்குக்குப் பட்டதாரி வேண்டியதில்லை. மூன்றாம் அல்லது நான்காம் மட்டச் சான்றிதழ் உடையவர் போதும். பாடசாலைப் படிப்புக் குறைந்த அனுபவசாலியும் தமது கைத்திறனை மதிப்பீட்டிற் காட்டி அச்சான்றிதழைப் பெறலாம். ஆதலால், அதனைக் கேட்பது மூத்த தொழிலாளியை அவமதிப்பதாகாது.

வேலை முடிந்ததும் ட்ரிப் சுவிட்சின் பரிசோதனைப் பொத்தானை அழுத்திக் காட்டிவிட்டுக் கூலியைப் பெற்றுச் செல்வோர் உளர். போன மின்னோட்டமும் திரும்பிய மின்னோட்டமும் ஏறக்குறைய 30 மில்லியம்பியர் வேறுபட்டால் இணைப்பைத் துண்டிப்பது அச்சுவிட்சின் தொழில். பொத்தான் அந்தச் சுவிட்சை மாத்திரமே சோதிக்கும், புவித்தொடுப்பைச் சோதிக்காது. புவித்தொடுப்பற்ற வீட்டில் கசிந்த மின் செல்ல வழியின்றி நிற்கும். தொடுபவரின் உடலே அதற்கு வழியாகிவிடும். எனவே, புவித்தொடுப்பின் தடையை உரிய கருவியால் அளந்து, அவ்வெண்ணைக் கையொப்பத்துடன் எழுதித் தருமாறு கேட்டல் வேண்டும். அதற்குத் தயங்குபவரிடம் குளியலறை நீர்சூடாக்கியை ஒப்படைத்தல் ஆகாது.