அத்தை வந்து உட்காருவாங்களா?

டிசம்பருக்கு டிக்கெட் போட்டாச்சு. நியூஜெர்சியிலிருந்து நாங்க நாலு பேர், டெக்சஸிலிருந்து அண்ணன் குடும்பம். மயிலாப்பூர் தாத்தா வீட்டு இடத்தில் இப்போ அடுக்குமாடி. அதனால இந்தத் தடவை முழுக்க ஓட்டல்தான்.

சாஃப்ட்வேர் ஆளாச்சே, உடனே ஒரு எக்செல் ஷீட் போட்டேன். வாடகை, நீச்சல் குளம், காலை டிபன், நாளுக்கு 7,500 ரூபாய்க்கு மேல போனா 18 சதவீத ஜிஎஸ்டி, எல்லாத்துக்கும் ஒரு கட்டம். படங்களைப் பார்த்தா எல்லா இடத்திலும் அதே பளிங்குத் தரை, அதே பூ ஜாடி. ஒண்ணும் முடிவாகலை. கடைசியில் இன்னொரு கட்டம் சேர்த்தேன்: "அத்தை வருவாங்களா?"

காரணம் இருக்கு. போன பயணத்தில் ரெண்டு ராத்திரி ஒரு பெரிய ஓட்டலில் இருந்தோம். அத்தை முறுக்கு டப்பாவோட ஆட்டோவில் வந்து இறங்கினாங்க. வாசலில் பையை ஸ்கேன் பண்ணாங்க. 2008 மும்பை தாக்குதலுக்குப் பிறகு பெரிய ஓட்டல்களில் இது வழக்கம்தான், குறை சொல்ல முடியாது. உள்ளே வந்து சோஃபா நுனியில் உட்கார்ந்தாங்க. மெனுவில் காபி விலையைப் பார்த்ததும், "இப்பதான் குடிச்சுட்டு வந்தேன்"னுட்டாங்க. இருபது நிமிஷத்தில் கிளம்பிட்டாங்க. வீட்டுக்கு வந்திருந்தா ராத்திரி சாப்பாடு முடிச்சுட்டுத்தான் எழுந்திருப்பாங்க. என் பசங்களுக்கு அந்த இருபது நிமிஷம்தான் அத்தைப் பாட்டி.

இந்தக் கண்ணோட பார்த்தா ஓட்டல்கள் வேற மாதிரி தெரியுது. கிண்டியில் 2012-இல் திறந்த ஐடிசி கிராண்ட் சோழா, சோழர் கோயில்களை மனசில் வெச்சுக் கட்டினது. 600 அறைகள். பசங்க வாயைப் பிளப்பாங்க. விமான நிலையம் பக்கம். நடுராத்திரி வந்து இறங்கும் நமக்கு வசதி. ஆனா முட்டிவலி உள்ளவங்களுக்கு அந்த நீள நடை கஷ்டம். எம்.ஆர்.சி. நகர் லீலா பேலஸ் கடலைப் பார்த்தபடி இருக்கு. மந்தைவெளி சொந்தங்களுக்கு ஆட்டோ தூரம். அலங்காரத்தில் செட்டிநாட்டுச் சாயல் உண்டு, இருந்தாலும் அரண்மனை அரண்மனைதான். கோவளம் ஃபிஷர்மேன்ஸ் கோவ் பசங்களுக்குச் சொர்க்கம். பார்க்க வர்ற பெரியவங்களுக்கு அரை நாள் பிரயாணம்.

எனக்குப் பிடிச்சது பின்னி சாலை தாஜ் கன்னிமாரா. 1854-இல் இம்பீரியல் ஓட்டலா தொடங்கி, பிறகு மதராஸ் கவர்னர் கன்னிமாரா பிரபு பெயருக்கு மாறியது. 1970-களில் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கைவைத்த இடம். லாபியில் பழைய மரச் சிற்பங்கள். பெரியவங்களுக்கு "கன்னிமாரா"ன்னா தெரியும். அந்தப் பேரே பாதி கூச்சத்தைப் போக்கும்னு என் கணக்கு.

ஆனா கட்டடமே உறவுக்காரங்களுக்காக இருந்த ஊர்னா அது செட்டிநாடு. திண்ணை, வளவு, முற்றம், வரிசையா அறைகள் எல்லாமே கல்யாணம் காட்சிக்கு நூறு பேர் வந்து தங்கணும்னு கட்டினது. கானாடுகாத்தான் விசாலம், ஒரு அப்பா மகளுக்காகக் கட்டின வீடுன்னு சொல்வாங்க. இப்போ 15 அறை ஓட்டல். காரைக்குடி பங்களாவில் வாழை இலைச் சாப்பாடு. திண்ணையில் யாரும் நுனியில் உட்கார மாட்டாங்க.

நீங்களும் திட்டம் போடுறீங்கன்னா, புக் பண்ணும் முன்னாடி மெயிலில் ரெண்டு கேள்வி கேளுங்க: பார்க்க வர்றவங்க அறைக்கு வரலாமா, அதுக்கு ஐடி வேணுமா? பாட்டிமார் ஆதார் கார்டைப் பீரோவில் பூட்டி வெச்சிருப்பாங்க. அப்புறம், லாபி காபியை அறைக் கணக்கில் எழுதச் சொல்லி முதல்லயே சொல்லிடுங்க; மெனு கார்டு அவங்க கைக்கே போகக் கூடாது.

எங்க முடிவு: கன்னிமாராவில் நாலு ராத்திரி, கானாடுகாத்தானில் ரெண்டு. போனில் சொன்னதும் அத்தை கேட்டது ஒண்ணுதான்: "வேன்ல எனக்கு எடம் இருக்காடி?"