பிறப்பும் பிரஜாவுரிமையும்

ஒரு நாட்டிற் பிறந்தவர் யாவரும் அந்நாட்டின் பிரஜைகளே எனப் பலரும் கருதுவர். சட்டமோ பிறப்பினையும் பிரஜாவுரிமையினையும் வெவ்வேறாகவே நோக்குகின்றது.

பிறப்பினால் எய்தும் உரிமையை நாடுகள் இரு நெறிகளால் வகுத்துள்ளன. பிறந்த மண்ணை அடிப்படையாகக் கொள்வது ஒன்று. பெற்றோர் வழியை அடிப்படையாகக் கொள்வது மற்றொன்று. ஐக்கிய அமெரிக்கா 1868 ஆம் ஆண்டில் தன் அரசியலமைப்பின் பதினான்காந் திருத்தத்தினால் முதல் நெறியை நிலைநாட்டிற்று. அதனால், அடிமைத்தளையினின்றும் அண்மையில் விடுபட்டோரும் அவர்தம் மக்களும் பிரஜைகளாயினர். இவ்விரு நெறிகளிலும் அடங்காதோர்க்குரியது மூன்றாவது வழி. குறித்த காலம் ஒரு நாட்டில் வதிந்து, அரசுக்கு விண்ணப்பித்து, விசுவாசப் பிரமாணஞ் செய்து உரிமை பெறுதலே அதுவாகும்.

இனி, எமது நாட்டின் நிலையை நோக்குவோம். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15 ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. வம்சாவழி, பதிவு என்னும் இரு வழிகளையே அச்சட்டம் ஏற்றது. அத்திகதிக்கு முன்னர் இலங்கையிற் பிறந்த ஒருவர் வம்சாவழிப் பிரஜையாதற்கு, அவருடைய தந்தையாயினும், தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமாயினும் இங்கு பிறந்திருத்தல் வேண்டும். தாயின் பிறப்பு இதற்குப் போதியதாகக் கொள்ளப்படவில்லை. தாய்வழியும் தந்தைவழியும் சமமெனச் சட்டம் ஏற்றது 2003 ஆம் ஆண்டிலேயாம்.

இவ்விதியினாற் பெரிதும் இடருற்றோர் மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளராவர். இம்மண்ணிலே பிறந்து கோப்பித் தோட்டங்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் உழைத்தோர் பலரிடம், தந்தையின் பிறப்பை நிறுவுதற்கேற்ற பத்திரம் இருக்கவில்லை. அவர்களுக்கெனப் பதிவு வழியொன்றினை 1949 ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் வகுத்தது. 1946 ஆம் ஆண்டின் தொடக்கத்துக்கு முன்னர், மணமானோர் ஏழாண்டும் ஏனையோர் பத்தாண்டும் இடையறாது வதிந்திருத்தல் வேண்டுமென அது விதித்தது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. உரிமை பெற்றோரோ ஏறத்தாழ 134,000 பேரேயாவர். பிரஜையல்லாதார் வாக்குரிமையையும் இழந்தனர்.

எஞ்சியோரின் விதியை இரு அரசுகள் தீர்மானித்தன. 1964 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆந் திகதிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி, 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. மிகுந்த 150,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்பதென 1974 ஆம் ஆண்டில் உடன்பாடு கண்டனர். அவ்வொப்பந்தத் திகதி முதல் இங்கு நிரந்தரமாக வதிந்த இந்திய வம்சாவழியினர்க்கும் அவர்தம் சந்ததியார்க்கும் 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமே இறுதியாக வழிதிறந்தது.

1948 இற் பிறந்த குழந்தையொன்று, அவ்வுரிமைக்காக ஐம்பத்தைந்தாம் வயதுவரை காத்திருக்க நேர்ந்திருக்கலாம். இடைப்பட்ட காலத்தில் அக்குழந்தை வளர்ந்து, உழைத்து, மக்களைப் பெற்று, பேரரையுங் கண்டிருக்கும். பிரஜாவுரிமைச் சட்டத்தைக் கற்கும் மாணவர், அதன் பிரிவுகளோடு இக்காத்திருப்பையும் உடன்வைத்து எண்ணுதல் கடனாகும்.