பாட்டுப் பெட்டியும் பாடபேதமும்

பழுதுற்ற பொருளைச் செப்பனிடுதல் ஒன்று. அதனைப் புதுக்கிவிடுதல் மற்றொன்று. ஏட்டுச் சுவடிகளோடு பழகினோர் இவ்வேறுபாட்டை நன்கறிவர். உ. வே. சாமிநாதையர் செல்லரித்த ஏட்டில் எழுத்துச் சிதைந்த இடங்களைத் தம் கவித்திறத்தால் நிரப்ப முற்படாது, புள்ளியிட்டு வெற்றிடமாகவே விட்டுச் சென்றார். அவ்வடக்கமும் புலமையின் பாற்பட்டதே. இந்நெறி ஓலைக்கு மட்டுமன்றி இரும்புக்கும் உரியது என்பதை, எம் குடும்பத்துக் கிராமபோன் பெட்டியைச் செப்பனிட்ட காலை யான் நேரிற் கண்டேன்.

ஹட்டனை அடுத்த தோட்டமொன்றில் எம் பாட்டனார் கணக்கப்பிள்ளையாக இருந்தார். 1938ஆம் ஆண்டில் அவர் இப்பெட்டியை வாங்கினார் என்பது வீட்டார் கூற்று. நாய்ச் சின்னம் பொறித்த ஹிஸ் மாஸ்டர்ஸ் வொய்ஸ் நிறுவனத்தார் 1931 முதல் வெளியிட்ட, 102 என்னும் இலக்கமுடைய கைப்பெட்டி அது. மின்சாரம் வேண்டாதது, சாவி கொடுத்தால் உள்ளிருக்கும் எஃகுச் சுருள்வில் இறுகும், அவிழும் விசையிலே தட்டுச் சுழலும். ஊசி பெறும் நடுக்கத்தை மெல்லிய உலோகத் தகடு ஒலியாக்க, பெட்டிக்குள் மடிந்து கிடக்கும் குழல் அதனைப் பெருக்கித் தரும். மின்விளக்கு எட்டாத லயங்களுக்கு இதனினும் ஏற்ற கருவி வேறில்லை. காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் ஆண்டுக்கொருமுறை வருவன. பெட்டியோ ஞாயிறுதோறும் பாடியது.

இசைத்தட்டின் வரலாறும் சுவையானதே. எமில் பெர்லினர் என்பார் தட்டில் ஒலி பதிக்கும் முறைக்கு உரிமை பெற்றது 1887இல். பிரெட் கெய்ஸ்பர்க் 1902இல் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் முதலியோரின் குரலைப் பதிந்தார். பின்னர்க் கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆலையில் அச்சான தட்டுக்களும், சென்னைச் சரசுவதி ஸ்டோர்ஸ் வழியே வந்த ஓடியன் தட்டுக்களும் கடல் கடந்து மலையேறின. அத்தட்டுக்களின் முதற்பொருள் அரக்கு. மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சிகள் உமிழ்வது. உலகத்துத் தட்டுக்களுக்கெல்லாம் அரக்கு பெரும்பாலும் இந்தியக் காடுகளிலிருந்தே சென்றது. பாண்டவரை எரிக்கத் துரியோதனன் தேடிய பொருளும் அதுவே. பாரதக் கதையைக் கூத்தாடிக் கேட்ட எம் மக்கள் அரக்கிலேயே பாட்டும் கேட்டனர் என்று வகுப்பில் யான் சொல்வதுண்டு, மாணவர் நகைப்பர்.

பெட்டி பல்லாண்டு பரண்மேற் கிடந்தது. நாலாயிரம் அடி உயரத்து மூடுபனி எதனையும் விட்டுவைப்பதில்லை. மேலுறையிற் பூஞ்சணம் படர்ந்திருந்தது. ஒலிப்பெட்டியின் இரப்பர் வளையங்கள் கல்லாகியிருந்தன. சுருள்வில்லுக்கு இட்ட மசகு காய்ந்து தார்போல் உறைந்திருந்தது. நகரத்து வானொலி திருத்துநர் ஒருவர் பார்த்துவிட்டு, “ஐயா, உள்ளே இருக்கிறதையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டுச் சின்ன மின்மோட்டார் ஒன்று வைத்துவிடலாம். சாவி கொடுக்கிற தொல்லை இல்லை” என்றார். அவர் நல்லெண்ணத்தை யான் ஐயுறவில்லை. ஆயினும் அது மூலத்தை எறிந்துவிட்டு உரையை மட்டும் அச்சிடுவது போலாகும் என்று தோன்றவே, வணங்கி விடைபெற்றேன்.

முடிவில் உதவியவர், தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர். சுருள்வில்லை அதன் கூட்டிலிருந்து எடுப்பது எளிதன்று; பிடி தவறின் பாய்ந்து விரலை வெட்டிவிடும். தடித்த கையுறை அணிந்து சுற்றுச் சுற்றாக அவிழ்த்து, மண்ணெண்ணெயிற் கழுவி, கிராபைட் கலந்த மசகிட்டு மீண்டும் சுருட்டினார். வளையங்களுக்கு மட்டும் புதிய இரப்பர்; ஏனைய உறுப்பெல்லாம் பழையனவே. தட்டுக்களை யான் மென்துணியும் சவர்க்கார நீரும் கொண்டு துடைத்தேன். சாராயவகை எதுவும் அரக்கைக் கரைத்துவிடுமாதலின் அதனை அணுகவிடலாகாது. எஃகூசியையும் ஒரு பக்கத்துக்கு ஒன்றாக மாற்றுதல் வேண்டும். தேய்ந்த ஊசி தட்டின் வரியை உழுதுவிடும்.

இனித்தான் செய்தி. தட்டின் வேகத்தைக் காப்பது கவர்னர் என்னும் உறுப்பு. வேகம் மிகுந்தால் அதன் மூன்று எடைக்குண்டுகள் விரிந்து ஒரு வட்டத்தகட்டை இழுக்க, அது மெத்தையில் உராய்ந்து தணியும். நிமிடத்துக்கு 78 சுற்று என்பதே விதி. தட்டின் அடியிற் காகிதத் துண்டொன்றைச் செருகிக் கடிகாரம் பார்த்து எண்ணினோம். எழுபதே சுற்றியது. பெரியவர் நெம்பைத் திருப்ப முனைந்தவர் சட்டென நின்றார். “ஐயா, இங்கே யாரோ ஆணியாலே கோடு கீறி வைச்சிருக்காங்க. நெம்பு சரியா அதிலேதான் நிற்குது” என்றார்.

இதற்கு விடை கூறவல்லார் ஒருவரே எஞ்சியிருந்தார். கோத்தகிரியில் வாழும் என் அத்தை. 1964 அக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வகுத்தது. அந்தக் கணக்கில் எம் குடும்பமும் பிளவுண்டது. அத்தை 1972இல் தலைமன்னாரிற் கப்பலேறினார். பெட்டி இங்கே தங்கிற்று. தொலைபேசியில் கோட்டைப் பற்றிக் கேட்டதும் அவர் சற்றும் தாமதிக்கவில்லை: “அது அப்பா கீறினது தம்பி. கிட்டப்பா பாட்டு எங்களுக்கு எட்டாது. இறக்கி வைச்சாத்தான் லயத்துப் பொம்பளைங்க கூடப் பாட முடியும்.”

யான் வியந்தேன். எஸ். ஜி. கிட்டப்பா 1933இல், தம் 27ஆம் அகவையில் மறைந்தவர்; உயர்ந்த சுருதிக்குப் பேர்பெற்றவர். 78 சுற்றுக்குரிய தட்டை 70இற் சுழற்றினால் வேகத்தோடு சுருதியும் ஏறத்தாழ ஒரு கட்டை இறங்கும். இலக்கணப்படி அது பிழை; பாடகரின் குரலைச் சிதைப்பதும் ஆகும். எனினும் நாளெல்லாம் கொழுந்து பறித்த மகளிர் அதனோடு சேர்ந்து பாடினர் என்றால், அவ்வேகத்தைப் பிழையென்று திருத்த எனக்கு மனம் ஒருப்படவில்லை. ஆலை தந்தது ஒரு பாடம். லயம் கொண்டது மற்றொரு பாடம். நல்ல பதிப்பாசிரியன் ஒன்றை மூலத்தில் வைத்து, மற்றதை அடிக்குறிப்பிற் காட்டுவான். 78க்கு உரிய இடத்தில் பெரியவரைக் கொண்டு சிறு வெள்ளைப் புள்ளி இடுவித்தேன். பாட்டனாரின் கீறலைத் தொடவில்லை.

மறுவாரம் ஞாயிறு மாலை நெம்பைக் கோட்டில் நிறுத்தி, தொலைபேசியைப் பெட்டியின் மூடியருகே வைத்தேன். ஒரு பக்கம் மூன்று நிமிடமே ஓடும். தட்டில் ஓரிடம் தேய்ந்து இரைச்சலாயிற்று. அங்கே அத்தையின் குரல் மட்டும் தொடர்ந்தது. பின்னர் அவர் பாடிய சொற்களைத் தட்டோடு ஒப்பிட்டேன். தேயாத இடங்களிலும் மூன்று சொற்கள் வேறாக இருந்தன. இரண்டையும் எதிரெதிரே எழுதிப் பெட்டியின் மூடிக்குள் வைத்திருக்கிறேன். இன்னும் பதினொரு தட்டுக்கள் உள்ளன. அடுத்த ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு அழைக்கும்படி அத்தை சொல்லியிருக்கிறார்.